மாக் எல்லாம் பச்சை, சேவை மட்டும் சிவப்பு

பயனர்கள் ஏற்றும் ஆவணங்களை அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் போட்டு வைக்கும் ஒரு சேவையைப் பார்த்துக்கொள்கிறேன். நிரலின் மற்ற பகுதிகள் எஸ்3-ஐ நேரடியாகத் தொட வேண்டாம் என்று நடுவில் ஒரு ராப்பர் (எஸ்3-ஐ மூடியிருக்கும் மேலுறை நிரல்) எழுதியிருந்தேன். பைத்தானில் எழுபது வரிதான். சேமி, எடு, இருக்கிறதா பார், பட்டியலிடு, அழி என ஐந்து ஃபங்ஷன்கள். ஒவ்வொன்றும் போட்டோ3 லைப்ரரியை ஒரு தடவை கூப்பிட்டு, வந்த பதிலைக் கொஞ்சம் தட்டிக்கொட்டித் திருப்பித் தரும். (படம் பிடிக்கிற போட்டோ இல்லை, அமேசானின் பைத்தான் லைப்ரரிக்குப் பெயரே அப்படி.)

இந்த எழுபது வரிக்கு 23 யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதிகளைத் தனியே சோதிப்பவை). பெரும்பாலானவற்றில் எஸ்3-ஐக் கூப்பிடும் நிஜக் கிளையன்டுக்குப் பதில், சொன்னபடி நடிக்கும் ஒரு மாக் உட்கார்ந்திருக்கும். அரை நொடிக்குள் ஓடி முடிந்துவிடும். கவரேஜ், அதாவது டெஸ்டுகள் ஓட்டிப் பார்த்த வரிகளின் பங்கு, 100 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

‘இருக்கிறதா பார்’ ஃபங்ஷன் பின்னால் உதவும் என்று எழுதி வைத்தது. ஒரு மாதம் வரை யாரும் அதைக் கூப்பிடவில்லை. அப்புறம், ஒரே பெயரில் இரண்டாவது கோப்பு வந்தால் பயனரை எச்சரிக்க வேண்டும் என்று ஒரு வேலை வந்தது. ஃபங்ஷன் தயாராக இருக்கிறது, டெஸ்டும் இருக்கிறது, கூப்பிட்டால் போதும். கூப்பிட்டேன். வெளியிட்டுப் பத்து நிமிடத்தில் ‘500’ என்ற எண்ணோடு சர்வர் பிழைகள் வரிசைகட்டி வர ஆரம்பித்தன. புதுக் கோப்பு எதையும் ஏற்ற முடியவில்லை. ஏற்கெனவே இருக்கிற பெயரில் ஏற்றினால் மட்டும் அழகாக எச்சரித்தது. பழைய பதிப்புக்குத் திருப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. எஸ்3-இல் கோப்பைப் ‘பொருள்’ என்பார்கள், அதன் பெயரைக் ‘கீ’ என்பார்கள். இல்லாத பொருளைக் ‘கெட் ஆப்ஜெக்ட்’ மூலம் கேட்டால் போட்டோ3 ‘நோ சச் கீ’ என்ற பிழையை எறியும். அதைத்தான் நான் பிடித்து ‘இல்லை’ என்று திருப்பித் தந்துகொண்டிருந்தேன். ஆனால் என் ஃபங்ஷன் கூப்பிட்டதோ ‘ஹெட் ஆப்ஜெக்ட்’. அது ஹெச்டிடிபியின் ஹெட் கோரிக்கை. அதற்கான பதிலில் தலைப்பு வரிகள் மட்டும்தான் வரும், உடல் வராது. எஸ்3 பிழையின் பெயர் வருவதோ அந்த உடலில் இருக்கும் எக்ஸ்எம்எல்-இல். உடலே இல்லாதபோது பெயரும் இல்லை. லைப்ரரியின் கையில் மிஞ்சுவது 404 என்ற எண் மட்டும். அதையே பிழைக் குறியீடாக வைத்துப் பொதுவான ‘கிளையன்ட் எரர்’ ஒன்றை எறிந்துவிடுகிறது. நான் பிடிக்கக் காத்திருந்த பிழை அந்த வழியாக வரவே வராது.

அப்படியென்றால் டெஸ்ட் எப்படிப் பச்சையாக இருந்தது? திறந்து பார்த்தேன். மாக்கிடம் நான் சொல்லியிருந்தது: ‘ஹெட் ஆப்ஜெக்ட்டைக் கூப்பிட்டால் நோ சச் கீ எறி’. அது சொன்னபடி எறிந்தது. நிரல் பிடித்தது. டெஸ்ட் வென்றது. எஸ்3 பற்றி நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை நிரலில் ஒரு முறை, டெஸ்டில் ஒரு முறை என்று இரண்டு இடத்தில் எழுதி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று தினமும் சரிபார்த்திருக்கிறேன். ஒரே ஆள் எழுதியது, ஒத்துப்போகாமல் என்ன செய்யும்.

மாக்கையே இறுக்கிப் பார்த்தது

நிஜ சர்வரோடு சேர்த்துச் சோதிக்கும் இன்டெக்ரேஷன் டெஸ்டுக்கு உடனே தாவவில்லை. கன்டெய்னர் (சர்வரை ஓட்டும் தனிப் பெட்டி), நெட்வொர்க், காத்திருப்பு என்று அதற்கு ஒரு சுமை உண்டு. இருக்கிற மாக்கை இறுக்கிக் கட்டினால் போதாதா என்று முதலில் பார்த்தேன்.

பைத்தானின் மாக்கில் ‘ஆட்டோஸ்பெக்’ என்று ஒரு வசதி உண்டு. நிஜப் பொருளைப் பார்த்து அதன் அச்சிலேயே மாக் செய்து தரும். இல்லாத மெத்தடைக் கூப்பிட்டால் பிடித்துவிடும். அதைப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே ஒரு அளவுருவின் பெயரைத் தப்பாக எழுதினேன். ‘கீ’ என்பதற்குப் பதில் ‘கீஸ்’. பச்சை! காரணம், போட்டோ3 கிளையன்டின் மெத்தடுகள் யாரும் கையால் எழுதியவை அல்ல. சேவையை விவரிக்கும் ஜேசன் கோப்புகளிலிருந்து நிரல் ஓடும்போதே உருவாகிறவை. ஒவ்வொன்றும் ‘எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வேன்’ என்ற கையெழுத்தோடுதான் பிறக்கிறது. ஆட்டோஸ்பெக்கும் அதை அப்படியே நம்பிவிடுகிறது.

அடுத்து, போட்டோ3-க்கு அடித்தளமான போட்டோகோர் லைப்ரரியில் இருக்கும் ‘ஸ்டப்பர்’. இது உண்மையிலேயே நல்ல கருவி. நாம் அனுப்பும் அளவுருக்களை அந்த ஜேசன் விவரத்தோடு ஒப்பிடும். ‘கீஸ்’ என்றதும் கத்தியது. ஆனால் சர்வர் என்ன பதில் தரும் என்பதை இங்கேயும் நான்தான் எழுதித் தர வேண்டும். ‘நோ சச் கீ பிழை தா’ என்றால் தந்துவிடும். ஹெட் கோரிக்கைக்கு அப்படி ஒன்று வராதே என்று அது கேட்காது. நான் அனுப்பும் பாதியை அது காவல் காத்தது. என்னைக் கவிழ்த்ததோ திரும்பி வருகிற பாதி.

என்னோடு வேலை செய்பவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, ‘அழி’ ஃபங்ஷனின் டெஸ்டைக் காட்டிக் கேட்டார்: “இது எதைச் சோதிக்குதுன்னு ஒரே வரியில சொல்லுங்க பார்ப்போம்.” அந்த ஃபங்ஷனில் இருப்பது ஒரே ஒரு வரி: பொருள்கள் இருக்கும் பக்கெட்டின் பெயரையும் கீயையும் கொடுத்து ‘டெலீட் ஆப்ஜெக்ட்’டைக் கூப்பிடுவது. டெஸ்டில் இருப்பது: அந்த மெத்தட் அதே பக்கெட், அதே கீயோடு ஒரு தடவை கூப்பிடப்பட்டதா என்ற கேள்வி. “நான் டைப் பண்ணினதைத்தான் டைப் பண்ணினேனான்னு சோதிக்குது” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மின்ஐஓவை எழுப்பியது

எஸ்3-இன் மொழியைப் பேசும் சர்வர்கள் சில இருக்கின்றன. நான் எடுத்தது மின்ஐஓ. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் ஒரு கன்டெய்னராக ஏற்றி, 9000-ஆம் போர்ட்டில் நிறுத்தி, ராப்பரின் கிளையன்டை அந்த முகவரிக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. கவனிக்க வேண்டியது ஒன்று: கன்டெய்னர் எழுந்ததும் சர்வர் தயாராக இருக்கும் என்று நம்பக்கூடாது. அதற்கென்று உள்ள ஹெல்த் முகவரியைத் தட்டித் தட்டிப் பார்த்து, பதில் வந்த பிறகே டெஸ்டைத் தொடங்க வேண்டும். நான் முதலில் ‘மூன்று நொடி தூங்கு’ என்று எழுதினேன். என் கணினியில் சரியாக ஓடியது, டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ-யில் நான்குக்கு ஒரு தடவை விழுந்தது. அந்த வரியை அன்றே தூக்கிவிட்டேன்.

முதல் டெஸ்ட் இப்படி: ஏதோ ஒரு கீயில் பன்னிரண்டு பைட் சேமி, இருக்கிறதா என்று கேள், ஆம் என்று வர வேண்டும். சேமிக்காத இன்னொரு கீயைக் கேள், இல்லை என்று வர வேண்டும். ஓட்டியதும் சிவப்பு. பத்து நிமிடத்தில் சேவையைக் கவிழ்த்த அதே பிழை, அதே 404, இப்போது என் திரையில். ஃபங்ஷனை 404 எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும்படி மாற்றினேன். பச்சை.

அந்தச் சூட்டோடு மற்ற ஃபங்ஷன்களையும் ஒவ்வொன்றாக மின்ஐஓ முன் நிறுத்தினேன். ‘எடு’ தப்பித்தது. ‘பட்டியலிடு’ மாட்டிக்கொண்டது, அதுவும் இரண்டு விதமாக.

முதலாவது, காலியான இடத்தைப் பட்டியலிடச் சொன்னதும் ‘கன்டென்ட்ஸ்’ என்ற சாவி இல்லை என்று நிரல் விழுந்தது. என் மாக் எப்போதும் அந்தச் சாவியோடு ஒரு காலிப் பட்டியலைத் தந்துகொண்டிருந்தது. நிஜத்தில் பொருள் எதுவும் இல்லையென்றால் பதிலில் அந்தச் சாவியே வராது. எழுதும்போது மரியாதையாக ஒரு காலிப் பட்டியல் வரும் என்று நானாக நினைத்துக்கொண்டது.

இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் சத்தமே போடாது. ‘லிஸ்ட் ஆப்ஜெக்ட்ஸ் வி2’ ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1000 பெயர்கள்தான் தரும். அதற்கு மேல் இருந்தால், ‘இது முழுசு இல்லை’ என்ற குறியோடு தொடர்ச்சிக்கான ஒரு டோக்கனையும் சேர்த்து அனுப்பும். அந்தக் குறியை என் நிரல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாக்கில் மூன்று பெயர் கொடுத்திருந்தேன், மூன்றும் வந்தன, மகிழ்ச்சி. ஆயிரத்தொன்றாவது ஆவணம் காணாமல் போனால் யார் புகார் சொல்லப் போகிறார்கள்? அதன் சொந்தக்காரருக்கே தெரிய நாளாகும். எங்கள் சேவையில் எந்தக் கணக்கும் இன்னும் ஆயிரத்தைத் தொடவில்லை என்பதால் பிழைத்தோம்.

இதைச் சோதிக்க முதலில் 1005 பொருள்களை ஏற்றினேன். டெஸ்ட் அசைந்து அசைந்து ஓடியது. பிறகு பக்க அளவை ஃபங்ஷனின் ஓர் அளவுருவாக வெளியே எடுத்தேன். வழக்கமாக 1000, டெஸ்டில் மட்டும் 2. ஐந்து பொருள் ஏற்று, பக்கத்துக்கு இரண்டு என்று கேள், ஐந்தும் வர வேண்டும். பழைய நிரலிடம் கேட்டால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்க லைப்ரரியிலேயே இருக்கும் பேஜினேட்டரைப் போட்டதும் ஐந்தும் வந்தன.

‘அழி’யில் கிடைத்தது வேறு மாதிரி. இல்லாததை அழிக்கச் சொன்னால் ‘இல்லை’ என்று திருப்பித் தருவேன் என என் ராப்பர் வாக்குக் கொடுத்திருந்தது. மாக்கை ஒரு பிழை எறிய வைத்து அதற்கும் டெஸ்ட் இருந்தது. எஸ்3-இலோ இல்லாத கீயை அழித்தாலும் 204 என்று வெற்றிப் பதில்தான் வரும். காப்பாற்ற முடியாத வாக்கு. நிரலிலிருந்தும் டெஸ்டிலிருந்தும் அதை எடுத்துவிட்டேன்.

இன்டெக்ரேஷன் டெஸ்டும் விட்ட இடம்

இனி எல்லாம் மின்ஐஓ பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு இரண்டு வாரம் நின்றது. பெரிய கோப்புகளை ஏற்றினால் மட்டும் ‘சரிபார்ப்பு தோல்வி’ என்று வர ஆரம்பித்தது.

ஏற்றிய பிறகு, கோப்பின் எம்டி5-ஐ (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எஸ்3 தரும் ஈடேக் என்ற அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஒரே கோரிக்கையில் சாதாரணமாக ஏற்றினால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் நான் பயன்படுத்திய ‘அப்லோட் ஃபைல்’, கோப்பு 8 எம்பியைத் தொட்டதும் தானாகவே பல துண்டாக உடைத்து ஏற்றும். அப்படி ஏற்றிய பொருளின் ஈடேக் முழுக் கோப்பின் எம்டி5 அல்ல. கடைசியில் ஒரு கோடும் துண்டுகளின் எண்ணிக்கையும் ஒட்டியிருக்கும். மின்ஐஓவும் இதையேதான் செய்கிறது. அப்படியானால் என் டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? பன்னிரண்டு பைட்! நிஜ சர்வரை எழுப்பி, அதன் வாசலில் நின்று, பொம்மைக் கோப்பைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது 9 எம்பியில் ஒரு கோப்பும் அந்த டெஸ்டில் இருக்கிறது. ஈடேக் ஒப்பீட்டைத் தூக்கிவிட்டு, நாங்களே ஷா256 என்ற இன்னொரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பொருளின் மெட்டாடேட்டாவில் (பொருளோடு ஒட்டி வைக்கும் குறிப்புகளில்) வைக்கிறோம்.

மெட்டாடேட்டா என்றதும் இன்னொன்று. கோப்பின் மூலப் பெயரையும் அதில் வைக்க நினைத்தேன். ‘ரிப்போர்ட்’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்துச் சோதித்ததெல்லாம் ஓடியது. தமிழில் பெயர் வைத்த ஒரு கோப்பைக் கொடுத்ததும் லைப்ரரியே தடுத்துவிட்டது: மெட்டாடேட்டாவில் ஆஸ்கி எழுத்துகள் (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்) மட்டும்தான் போகும். இத்தனை நாள் தமிழில் யோசித்துக்கொண்டு, டெஸ்டில் மட்டும் ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறேன். பெயரைச் சதவீதக் குறியேற்றம் செய்து (பைட்டுகளை % குறியோடு ஆஸ்கியாக எழுதி) அனுப்பி, எடுக்கும்போது பிரிக்கிறேன்.

இந்தக் குறியேற்ற வேலைக்கு நெட்வொர்க் எதற்கு? எழுத்துச் சரத்தை வாங்கி எழுத்துச் சரத்தைத் தரும் ஃபங்ஷன். ராப்பரிலிருந்து அதைத் தனியாக வெளியே எடுத்து மூன்று யூனிட் டெஸ்ட் எழுதினேன், மாக் ஒன்றுமில்லாமல். கீயை உருவாக்கும் பகுதியும் அப்படித்தான் ஏற்கெனவே தனியாக இருந்தது. எஸ்3-இல் கீயின் நீளம் அதிகபட்சம் 1024 பைட். எழுத்துக் கணக்கு அல்ல, யூடிஎஃப்-8 என்ற குறிமுறையில் எத்தனை பைட் என்ற கணக்கு. தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘கி’ என்றால் ககரத்துக்கு மூன்று, இகரக் குறிக்கு மூன்று, ஆக ஆறு. பெயரை வெட்டும்போது குறி ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய்விடக்கூடாது. இதற்கெல்லாம் யூனிட் டெஸ்டைப் போல வசதி வேறில்லை. நினைத்த மாதிரி விதவிதமான பெயர்களைக் கொடுத்து, கண் இமைப்பதற்குள் முடிவு பார்க்கலாம். முன்பிருந்த 23-இல் இந்த வகையில் ஆறு இருந்தன. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஸ்டப்பருக்கும் ஓர் இடம் கிடைத்தது. எஸ்3 சில நேரம் ‘மெதுவாக வா’ என்று 503 தரும். அது வந்தால் ராப்பர் அதை ‘பிறகு முயற்சி செய்’ என்ற எங்கள் சொந்தப் பிழையாக மாற்ற வேண்டும். வரிசையில் இருக்கும் வேலை அதைப் பார்த்துத் தன்னைத்தானே தள்ளிப்போட்டுக்கொள்ளும். மின்ஐஓவிடம் போய் ‘இப்போது 503 கொடு’ என்று கேட்க எனக்கு வழியில்லை. அங்கே பதிலை நானே எழுதித்தான் ஆக வேண்டும். இந்த வகையில் நான்கு. மீதி 13 மாக் டெஸ்டுகளையும் ஒரே கமிட்டில் அழித்தேன். அழிக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது உண்மை. கவரேஜ் எண்ணில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

சிஐ-யில் ஒரு வாரம் பொய்ப் பச்சை

எல்லோர் கணினியிலும் டாக்கர் இருக்காது என்று, அது இல்லாவிட்டால் இன்டெக்ரேஷன் டெஸ்டுகளைத் தாண்டிப் போகும்படி எழுதியிருந்தேன். நல்ல எண்ணம்தான். சிஐ இயந்திரத்தின் அமைப்பை யாரோ மாற்றியதில் அங்கே டாக்கர் எழவில்லை. பதினொன்றும் தாண்டப்பட்டன. டெஸ்டுகளை ஓட்டும் கருவியான பைடெஸ்ட் மஞ்சளில் ‘11 ஸ்கிப்ட்’ என்று ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. மொத்த ஓட்டம் பச்சை என்பதால் யாரும் உள்ளே திறந்து பார்க்கவில்லை. ஒரு வாரம். இப்போது சிஐ-யில் ஒரு சூழல் மாறி வைத்திருக்கிறேன். அது இருந்தால் டாக்கர் இல்லாதது தாண்டல் அல்ல, தோல்வி.

சின்னச் சிக்கல் ஒன்றும் வந்தது. டெஸ்டுகளை ஒரே நேரத்தில் இணையாக ஓட்டியபோது ஒன்றின் பொருள்கள் இன்னொன்றின் பட்டியலில் வந்து எண்ணிக்கையைக் கெடுத்தன. ஒவ்வொரு டெஸ்டும் தனக்கென்று ஒரு தற்செயல் முன்னொட்டை வைத்துக்கொண்டதும் சரியானது.

403

இவ்வளவுக்கும் பிறகு ‘இருக்கிறதா பார்’ நிஜச் சூழலில் மறுபடி விழுந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை 404 இல்லை, 403. பட்டியலிடும் அனுமதி இல்லாத ஒருவர் இல்லாத பொருளைக் கேட்டால், எஸ்3 ‘இல்லை’ என்று சொல்லாமல் ‘உனக்கு அனுமதி இல்லை’ என்றுதான் சொல்லும். இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியக்கூடாத தகவல். சேவையின் ரோலுக்கு (அது எஸ்3-இல் நுழையும் அடையாளத்துக்கு) எடுக்கவும் போடவும் அனுமதி இருந்தது, பட்டியலிடும் அனுமதி இடையில் எடுக்கப்பட்டிருந்தது. பட்டியலிடுவது வேறொரு ரோலில் ஓடும் தனி வேலை. மின்ஐஓவிலோ நான் எல்லா அதிகாரமும் உள்ள பயனராக நுழைந்து சோதித்துக்கொண்டிருந்தேன்.

403 வந்தாலும் ‘இல்லை’ என்று வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று விட்டேன். நாளைக்கு எடுக்கும் அனுமதியே போய்விட்டால், இருக்கிற ஆவணத்தையும் இல்லை என்று சொல்லி அதன் மேலேயே எழுதிவிடும். நிரலைத் தொடாமல் ரோலின் அனுமதியைத் திருத்தினேன். கூடவே, ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் நிஜப் பக்கெட்டில், நிஜ ரோலோடு ஓடும் ஒரே ஒரு ஸ்மோக் டெஸ்ட்: ஒன்றைப் போடு, எடு, இல்லாததைக் கேள், அழி.

ஆக இப்போது ஒன்பது யூனிட், நான்கு ஸ்டப்பர், பதினொரு இன்டெக்ரேஷன், ஒரு ஸ்மோக். கன்டெய்னர் எழும் நேரத்தையும் சேர்த்து எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிகின்றன. 2025 ஜனவரியில் வந்த போட்டோ3-இன் 1.36 பதிப்பு, ஏற்றும்போது தானாகவே ஒரு செக்சம் (சரிபார்ப்பு எண்) சேர்த்து அனுப்பத் தொடங்கியது. எஸ்3 மொழி பேசும் வேறு சில சர்வர்கள் அதில் தடுமாறின. அந்தப் பதிப்புக்கு நாங்கள் மாறியபோது பதினொன்றையும் ஓட்டிவிட்டு மாறினேன். பழைய மாக்குகள் இருந்திருந்தால் அவற்றுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது.

மீதி இருப்பது, தற்காலிகமாகத் திறக்கும் கையொப்ப முகவரியைத் தரும் ஆறாவது ஃபங்ஷன். பார்த்தால் யூனிட் டெஸ்டுக்கு ஏற்றது போலத் தெரியும். முகவரியை உருவாக்க நெட்வொர்க்கே தேவையில்லை, எல்லாம் உள்ளூர்க் கணக்கு. ஆனால் ஏழு நாளுக்கு மேல் ஆயுள் கேட்டாலும் முகவரி உருவாகிவிடும், அதைச் சர்வர்தான் ஏற்காது. கையொப்பத்தில் ஹோஸ்ட் பெயரும் அடக்கம் என்பதால், கன்டெய்னருக்கு உள்ளே ஒரு பெயரிலும் வெளியே ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றும் கூப்பிட்டால் கையொப்பம் பொருந்தாது. இரண்டு பக்கமும் ஒரே பெயர் வேலை செய்ய டாக்கர் நெட்வொர்க்கை எப்படி அமைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்த ஃபங்ஷனை வெளியிடவில்லை.